கடைவாய்ப் பல்

வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை.
சின்ன வட்டம், உள்ளே எண்பத்தொன்று என்ற ஆழம்,
பக்கத்தில் 'தடங்கல்'.
வலை கிழிந்த இடமெல்லாம்
ஃபின்லாந்து வளைகுடாவில் தடங்கல்தான்.

கோட்கா துறைமுகத்துக்குப் பின்தெருவில் நான் பல் டாக்டர்.
வாரத்தில் ஐந்து நாள்
பிறர் வாய்க்குள் சிறு வெளிச்சம் அடித்து
மூச்சை அடக்கிக்கொள்பவர்களிடம்
மூக்கால் விடுங்கள், மூக்கால், என்பேன்.
சனிக்கிழமை எனக்கு வாயால் மட்டும்தான் மூச்சு.
விட்டதையே சுண்ணாம்பு வடிகட்டித் திருப்பித் தர
மறுபடி இழுக்கிறேன்.
ஒரு குமிழ்கூட மேலே போவதில்லை.

வேய்யோ முன்னால் இறங்குகிறான்.
பத்து மீட்டர் வரை பச்சை,
அப்புறம் நேற்றைய தேநீர்,
முப்பதில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள்.
குளிர் முதலில் உதட்டைத்தான் எடுத்துக்கொள்ளும்.
நான் போடும் ஊசி
அவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ.
ஹீலியம் புத்தியைத் துடைத்து வைக்கிறது,
நெஞ்சை உள்ளிருந்தே குளிரடிக்கிறது.

விளக்கைத் திருப்பினால்
நிற்கிறது.

இரண்டு பாய்மரம் நிமிர்ந்தபடி,
மூன்றாவது தளத்தின் குறுக்கே விழுந்து.
மரம் தின்னும் புழு இந்தக் கடலுக்கு வராது,
உப்புப் போதாதாம் அதற்கு.
இருநூறு, இருநூற்றைம்பது வருடம்
யாரும் ருசி பார்க்காத ஓக்.

இருபது நிமிடம்தான் கணக்கு.
மணியைத் தேடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்,
மணியில்தான் பெயர் வார்த்திருக்கும்.
மணி தொங்கிய சட்டம் இருந்தது.
வேய்யோ அதற்குக் கீழே இரண்டு முறை போய்வந்து
கையை விரித்தான்.
அதற்குள் பதினொரு நிமிடம்.

செங்கல் அடுப்பு சரிந்த மூலையில்
களிமண் புகைக்குழாய் ஒன்று.
தொடவில்லை, சட்டம் அப்படி.
வண்டல் எழுந்தால் எல்லாம் போச்சு,
அதனால் தலைகீழாய், துடுப்பு அசையாமல்,
வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன்,
எக்ஸ்ரே மெஷின் பழுதான நாளில் பார்ப்பதுபோல.
தண்டின் நுனியில் கடித்த தடம்.
கிண்ணம் மேல்நோக்கி இருந்தால்
தடம் இப்படிச் சாயவேண்டும்: இடப்பக்கம்.
கோரைப்பல், முனை உடைந்தது.
பள்ளத்தின் மேல் பள்ளம், ஒரே இடத்தில்,
ஒருநாள்கூட மறுபக்கம் மாற்றிக் கடிக்கவில்லை.

வலது கடைவாயில் வலி.
சான்றிதழ் எழுதித் தரமாட்டேன்,
ஆனால் இருபத்தாறு வருடமாய்
இப்படி ஒருபக்கமாய் மெல்லுபவர்களைத்தான்
நாற்காலியில் சாய்த்திருக்கிறேன்.

வேய்யோ விளக்கை ஆட்டினான். நேரம்.

ஏறுவதற்கு இரண்டரை மணி.
இருபத்தொன்றில் நில், பன்னிரண்டில் நில்,
ரத்தத்துக்கு அவசரம் ஆகாது.
பன்னிரண்டில் என் சூட்டு உள்ளங்கி செத்துப்போனது.
உடைக்குள் சிறுநீர்க் குழாய் உண்டு;
அந்த ஒரு நிமிடச் சூடும் வெளியே போனது
வருத்தமாக இருந்தது.
இதையெல்லாம் கவிதையில் சொல்லக்கூடாது என்றால்
இதைக் கவிதை என்று சொல்லவேண்டாம்.
வேய்யோ பலகையில் எழுதிக் காட்டினான்:
வியாழக்கிழமைப் பட்டாணி சூப் மிச்சம் இருக்கு.

ஆறு மீட்டரில் எழுபது நிமிடம்.
கயிற்றைப் பிடித்தபடி அவனுக்கு ரொட்டி கொடுத்தேன்,
கப்பல் ரொட்டி, மரக்கட்டை மாதிரி.
இடப்பக்கம் ஒதுக்கினான்.
கிராம்பு வாங்கக் காசில்லாதவன்,
அல்லது கிராம்பு பலிக்காத அளவுக்குப் போனவன்.
வாயைத் திறங்கள் என்றேன்.
மூக்கால் விடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

படகின் விளிம்பில் கெர்த்து குனிந்து நின்றாள்.
பெயர்? என்றாள்.
'ப' வருவதற்கு உதடு ஒட்டவேண்டும்.
ஒட்டவில்லை.
பெயருக்கும் அதே எழுத்து, பல்லுக்கும் அதே எழுத்து.
கையுறையோடு
என் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

வலிக்குதா? என்றாள்.
தலையாட்டினேன்.